பாறையா, பேரிங்கா?

தேர் கோயிலடியை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஷாஹ்மியின் குறுஞ்செய்தி வந்தது. "நிஷா, சிக்னல் உள்ள எடத்துக்குப் போய் கோல் எடுங்க. ஒங்கட மெஷின்தான்."

நிஷாந்தினி அப்போது பட்டுச் சேலையும் கையில் அர்ச்சனைத் தட்டுமாக லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றிருந்தாள். தேர் தங்கள் லயத்தைக் கடக்கும்போது கொடுப்பதற்காக அம்மா பெரியாயி விடிந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து அடுக்கிய தட்டு. அதை அம்மாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். லெப்டொப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கத் தேயிலை மலையில் குறுக்குப் பாதையில் ஏறத் தொடங்கினாள். எங்கே போகிறாய் என்று அம்மா பின்னாலிருந்து கேட்டது காற்றில் பாதிதான் காதில் விழுந்தது.

மடுல்சீமைப் பக்கத்தில் அவர்களுடைய தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். மேலே, தண்ணித் தாங்கி இருக்கும் வளைவு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச நினைப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் ஏறி வருவார்கள். தாங்கியைச் சுற்றிய சிமெந்துக் கட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப் போயிருந்தது.

நிஷாந்தினி வேலை செய்யும் கம்பனி பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது. ஆறேழு பேர், பத்துப் பன்னிரண்டு திரைகள். தூரத்துக் கடல்களில் எண்ணெய்க்காகத் துளையிடும் ரிக்குகளில் ஓடும் இயந்திரங்களின் சூடு, அதிர்வு, எண்ணெய் அழுத்தம் எல்லாம் கோடுகளாக அந்தத் திரைகளில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு கோடு குணம் மாறினால் ரிக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் சொல்வதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் எத்தனை பேருடைய கோபம் இருக்கிறது என்பது அவளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் தெரிந்துபோனது.

அவள் பொறுப்பில் இருந்தது வளைகுடாக் கடலில் நிற்கும் ஒரு ரிக்கின் டொப் டிரைவ். கோபுரத்தின் நடுவில் தொங்கிக்கொண்டு, கடலடிப் பாறைக்குள் இறங்கும் குழாயைப் பிடித்துச் சுழற்றும் பெரிய இயந்திரம் அது. அது நின்றால் ரிக்கே நின்றது மாதிரி. மூன்று மாதத்துக்கு முன்னால் அதன் அதிர்வுக் கோடு திடீரென்று எகிறியதைப் பார்த்து, நிறுத்தச் சொல்லி அவள் எச்சரிக்கை கொடுத்தாள். நிறுத்தினார்கள். அரை நாள் செலவழித்துக் கழற்றிப் பார்த்தார்கள். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதிர்வை அளக்கும் கருவியின் வயர்தான் தளர்ந்திருந்தது.

அதைவிட மோசம், அந்த ரிக்கில்தான் அவளுடைய அண்ணன் சதீஸ்குமார் மெக்கானிக் உதவியாளராக இருந்தான். அவன் சொல்லித்தான் அவளுக்கு அந்தக் கம்பனியில் வேலை இருப்பதே தெரிய வந்தது. வீண்வேலையாகப் போன அந்த அரை நாளுக்குப் பிறகு ரிக்கில் எல்லோரும் அவனைச் சீண்டினார்கள். ஒருநாள் அவன் போனில் வெடித்துவிட்டான். "நீ அங்க நாற்காலியில ஒக்காந்துகிட்டு நிப்பாட்டுன்னு சொல்லிருவ. இங்க நின்னு பேச்சு வாங்குறது நாங்க." அதற்குப் பிறகு அவன் அம்மாவோடு மட்டும்தான் பேசினான்.

வளைவுக்கு வந்து சேர்ந்தபோது நிஷாந்தினிக்கு மூச்சு வாங்கியது. தாங்கிக் கட்டில் உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்து, போன் வழியாக இணைத்து, ஷாஹ்மியை அழைத்தாள்.

ஷாஹ்மி பதுளைக்காரன், அவளுக்கு முன்பே கம்பனியில் சேர்ந்தவன், எதற்கும் பதறாதவன். இன்று அவன் குரலிலேயே அவசரம் இருந்தது. டொப் டிரைவின் அதிர்வு காலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறுகிறது என்றான். ரிக் மேலாளர் டங்கனுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் கேட்கவில்லை. கீழே கடினமான பாறை வந்திருக்கிறது, பாறை கடினமாக இருந்தால் எல்லாம் அதிரத்தான் செய்யும், இன்னும் கொஞ்ச ஆழம் போனால் இந்தக் கட்டம் முடிந்துவிடும் என்கிறார். போன கிழமைதான் துளைக்குள் சேற்றுக் குழம்பை அனுப்பும் சேற்றுப் பம்பு உடைந்து ரிக் இரண்டு நாள் சும்மா நின்றிருக்கிறது. இன்னொரு தடவை நிறுத்தினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது என்று அவருக்குக் கவலை.

"எனக்கு இந்த மெஷின்ட பழக்கம் தெரியாது, நிஷா. நீங்கதான் இதோட ரெண்டு வருஷம் ஈந்தீங்க. பாத்துச் சொல்லுங்க."

அவள் பார்த்தாள். அதிர்வுக் கோடு ஏறியிருந்தது உண்மை. போன தடவைபோல ஒரே எகிறலாக இல்லை, படிப்படியாக ஏறியிருந்தது. கியர்ப்பெட்டி எண்ணெயின் சூட்டைக் காட்டும் கோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் ஏறியிருந்தது. மோட்டார் இழுக்கும் கரண்டும் துளி கூடியிருந்தது. தளர்ந்த வயர் ஒரு கோட்டை ஏமாற்றும். மூன்று கோடுகளைச் சேர்த்து ஏமாற்றாது. பயம் ஒரு பக்கம். வேட்டையில் தடம் கண்டதுபோன்ற துடிப்பு இன்னொரு பக்கம்.

ஆனால் டங்கன் சொல்வதும் பொய்யில்லை. கடினமான பாறை வந்தாலும் மூன்றும் ஏறத்தான் செய்யும்.

பாறையா, பேரிங்கா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. துளையிடும் முனையைப் பாறையிலிருந்து கொஞ்சம் மேலே தூக்கி, எதையும் தொடாமல் வெறுமனே சுழல விட வேண்டும். அதிர்வு அடங்கினால் அது பாறையினுடையது. அடங்காவிட்டால் இயந்திரத்துக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் உருளைப் பேரிங்கினுடையது. பேரிங்தான் என்றால் தாமதிக்க நேரமில்லை. துளையின் மேல்பகுதிக்கு மட்டும்தான் இரும்பு உறை போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வெறும் பாறை. குழாய் அந்த வெறும் பாறைக்குள் கிடக்கும்போது டொப் டிரைவ் பூட்டிக்கொண்டால், குழாயைச் சுழற்ற வழியில்லை. சுற்றியுள்ள பாறை அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு நாள் கணக்கில் இல்லை, கிழமைக் கணக்கில் போராட வேண்டும். சில வேளை குழாயை வெட்டி விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

ஷாஹ்மி டங்கனை அழைப்பில் இணைத்தான். நிஷாந்தினி ஆங்கிலத்தில் தன்னால் முடிந்தவரை நிதானமாகச் சொன்னாள். டங்கன் கடைசிவரை கேட்டார். பிறகு, போன தடவையும் இதே நிதானத்தோடுதான் சொன்னாய் என்றார். அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. கழற்றச் சொல்லவில்லை, ரிக்கை நிறுத்தச் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் முனையைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினால் போதும், அடங்கினால் நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். அடுத்த குழாயைப் பொருத்துவதற்கு எப்படியும் தூக்கத்தான் வேண்டும், அப்போது செய்து காட்டுகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் லெப்டொப்பில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. பட்டரி முடியப் போகிறது. தேரின் உச்சி கரண்ட் கம்பியில் உரசாமல் இருக்கக் காலையிலேயே தோட்டத்துக்குக் கரண்டை வெட்டிவிட்டிருந்தார்கள். லயத்துக்கு ஓடினாலும் பிரயோசனமில்லை.

கீழே பாதையில் தப்பும் உறுமியும் அதிர, தேர் வளைவை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. தேருக்குப் பின்னால் ஒரு லேண்ட்மாஸ்டர் கை டிராக்டர். அதன் பெட்டியில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்குமாக ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

நிஷாந்தினி லெப்டொப்பையும் வயரையும் அணைத்துக்கொண்டு அதை நோக்கி ஓடினாள்.

கோயில் தலைவர் நல்லையா தேருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தார். பட்டுச் சேலையில், தலையெல்லாம் கலைந்து, கம்ப்யூட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் கையைத் தூக்கித் தேரை நிறுத்தினார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவருக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை.

"நம்ம சதீஸ் நிக்கிற கப்பலா புள்ள?"

"கப்பல் இல்ல மாமா, ரிக்கு. அண்ணே அதுலதான் நிக்கிறாரு."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. லேண்ட்மாஸ்டரை வளைவுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் லெப்டொப்பைச் செருகினார்கள். அவள் பெட்டியின் ஓரத்திலேயே ஏறி உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அதிர்வை அளக்கும் கருவி அனுப்புவதைச் சத்தமாக மாற்றிக் கேட்க முடியும். கோட்டில் தெரியாதது சில வேளை காதில் பிடிபடும். ஆனால் இப்போது காதில் விழுந்தது தப்புச் சத்தம் மட்டும்தான்.

"மாமா, கொஞ்ச நேரம் மேளத்த நிப்பாட்டச் சொல்லுங்க. எனக்கு ஒரு சத்தம் கேக்கணும்."

நல்லையா தப்புக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். சாமி பாதையில் நிற்கும்போது மேளத்தை நிறுத்தச் சொல்வது சாதாரண விஷயமில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியாயி அப்போதுதான் தட்டோடு மேலே ஏறி வந்து சேர்ந்திருந்தாள். அந்தத் தட்டைத் தேரின் முன்னால் வைத்துவிட்டுக் கும்பிட்டாள். நல்லையா கையைத் தாழ்த்தினார். தப்பு நின்றது. உறுமி நின்றது. காவடிக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஜெனரேட்டரின் உறுமலும் காற்றும் மட்டும் மிச்சம்.

ஹெட்ஃபோனில் டங்கன் தூக்குகிறோம் என்றார்.

பாறையை உரசும் 'சர்ர்ர்' என்ற சத்தம் சட்டென்று அறுந்தது. முனை பாறையை விட்டுவிட்டது. ஒரு நொடி ஒன்றுமில்லை. நிஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அது கேட்டது. மிக மெல்லிய, ஒழுங்கான ஒரு தட்டல். டக். டக். டக். சுழற்சியின் வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். தட்டலும் அதே அளவுக்கு மெதுவாகியது. கூட்டச் சொன்னாள். தட்டல் விரைந்தது. எங்கோ ஓர் உருளை வெடித்து, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். பாறை இல்லை, பேரிங் என்றாள். உறுதியா என்று டங்கன் கேட்டார். கியர்ப்பெட்டி எண்ணெய் ஓடும் வழியில் இரும்புத் தூளைப் பிடிக்கக் காந்தம் வைத்த ஒரு மூடி இருக்கிறது, எப்படியும் குழாய் பொருத்தச் சுழற்சியை நிறுத்தத்தானே போகிறீர்கள், அதைக் கழற்றிப் பார்க்க ஒரு ஆளை அனுப்புங்கள் என்றாள். என் பேச்சை நம்ப வேண்டாம், அந்தக் காந்தத்தை நம்புங்கள் என்று அவளுடைய வாய் தானாகவே சொல்லிவிட்டது.

டங்கன் யாரையோ அழைத்தார். ரிக்கின் வானொலிக் கருவியின் கரகரப்பு கேட்டது. நிஷாந்தினி ஹெட்ஃபோனைக் கழற்றி லெப்டொப்பின் சத்தத்தைத் திறந்து விட்டாள். லேண்ட்மாஸ்டரைச் சுற்றி ஆட்கள் நெருங்கிவிட்டிருந்தார்கள். என்ன பார்க்கிறோம் என்று தெரியாமலே எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

அப்போது கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் ஆங்கிலத்தில், மூடியைக் கழற்றிவிட்டேன் என்றது. அதற்குப் பிறகு அந்தக் குரல் ஆங்கிலத்தை மறந்துவிட்டது.

"நிஷா, கேக்குதா? காந்தம் பூரா இரும்புத் தூளு. முள்ளு மாதிரி நிக்கிது. துண்டு துண்டாவும் இருக்கு. நீ சொன்னது சரி. நீ சொன்னது சரிடி."

பெரியாயி மகனுடைய குரலை அடையாளம் கண்டு லெப்டொப்பை நோக்கிக் குனிந்தாள். அவன் என்ன சொன்னான் என்று டங்கன் அங்கே கேட்டுக்கொண்டிருந்தார். சதீஸ்குமார் அதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். அதற்குப் பிறகு டங்கனிடம் தயக்கமே இருக்கவில்லை. நல்ல தலைவர்தான் அவர். உறுதியாகத் தெரிந்துவிட்டால் ஒரு நிமிஷத்தையும் வீணாக்க மாட்டார். துளையிடுவதை விட்டுவிட்டு, குழாயை இரும்பு உறைக்குள் வரும்வரை மேலே இழுக்கக் கட்டளையிட்டார். சுழற்றக் கூடாது, இழுக்க மட்டும் வேண்டும். கோடுகளை நீ பார்த்துக்கொண்டிரு, எது எல்லை தாண்டினாலும் கத்து என்று நிஷாந்தினியிடம் சொன்னார்.

இழுக்கத் தொடங்கினார்கள். திரையில் முனையின் ஆழத்தைக் காட்டும் நீலக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. இரும்பு உறை முடியும் இடத்தில் அவள் ஒரு மஞ்சள் கோடு போட்டு வைத்தாள். நீலம் மஞ்சளைத் தொட வேண்டும், அவ்வளவுதான் என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னாள். அது எல்லோருக்கும் விளங்கியது. கடைசி ஓவர் பார்ப்பதுபோல ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் தேரடியில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். ஏறுது. இன்னும் ஏறுது. பாதிக்கு மேல வந்திருச்சு.

அங்கேதான் நீலக் கோடு நின்றது.

குழாய் எதிலோ சிக்கிக்கொண்டது. எடையைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. ரிக்கின் கோபுரம் முழுப் பலத்தோடு இழுத்தும் அசைவில்லை. துளையின் சுவர் ஓரிடத்தில் சரிந்திருக்கிறது, ஒரு சில சுற்றாவது சுழற்றினால்தான் விடும் என்று டங்கன் சொன்னார். சுழற்றலாமா என்று அவளைக் கேட்டார். கட்டளையிட வேண்டியவர் கேட்டார்.

சுழற்றினால் பேரிங் அந்த நிமிஷமே பூட்டிக்கொள்ளலாம். சுழற்றாவிட்டால் குழாய் அங்கேயே இறுகிவிடும். நிஷாந்தினி எண்ணெயின் சூட்டைப் பார்த்தாள். நிறுத்தி வைத்திருந்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஷாஹ்மியிடம் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். சூடு எறங்கின இந்த நேரத்த விட்டா வேற நேரம் கெடைக்காது என்றான் அவன்.

சுழற்றுங்கள், ஆகக் குறைந்த வேகத்தில், நான் சொன்னதும் நிறுத்துங்கள் என்றாள். மறுபடி ஹெட்ஃபோனை மாட்டினாள்.

தட்டல் இப்போது தட்டலாக இல்லை. இரும்பை இரும்பு மெல்லும் சத்தம். கடகடவென்று அது காதுக்குள் ஏறியது. அதிர்வுக் கோடு அவள் போட்ட எல்லையைத் தாண்டியது. நிறுத்து என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எடைக் கோட்டைப் பார்த்தாள். அது நடுங்கியது. ஒரு மயிரிழை இறங்கியது. இன்னும் ஒரு சுற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். எடை தடாலென்று விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டாள். டங்கனுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நீலக் கோடு மறுபடி நகர்ந்தது. பெரியாயி மகளுடைய தோளைப் பிடித்திருந்தாள்; பிடி இறுகிக்கொண்டே வந்தது. நீலம் மஞ்சளை நெருங்கியது, தொட்டது, தாண்டி மேலே போனது. உறைக்குள் வந்துவிட்டோம் என்று ரிக்கிலிருந்து பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன. லேண்ட்மாஸ்டரைச் சுற்றி நின்றவர்கள் அதைவிடச் சத்தமாக ஆர்ப்பரித்தார்கள். யாரும் சொல்லாமலே தப்பு முழங்கத் தொடங்கியது. காவடிகள் அதே இடத்தில் ஆடின. நல்லையா சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கி வயரைத் தேடினார். நிஷாந்தினிக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது, அழுதுகொண்டே சிரித்தாள்.

உறைக்குள் பத்திரமாக வந்த பிறகு, பார்ப்பதற்காக ஒருமுறை டொப் டிரைவைச் சுழற்ற முயன்றார்கள். கால் சுற்றுகூடச் சுழலவில்லை. அப்படியே பூட்டிக்கொண்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் பதுளைக்குப் போனாள். அன்று பகலில் கியர்ப்பெட்டியைத் திறப்பதை ஷாஹ்மியும் அவளும் திரையில் பார்த்தார்கள். உருளைகளில் பாதி நொறுங்கிக் கிடந்தன. புதிய பேரிங் கரையிலிருந்து கப்பலில் வர வேண்டியிருந்தது. கடல் கொந்தளித்ததால் அது இன்னும் தாமதமானது. ரிக் சும்மா நின்றது. டங்கன் மேலிடத்தில் பேச்சு வாங்கினார். ஆனால் குழாய் பத்திரமாக இருந்தது, துளை பத்திரமாக இருந்தது, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சில நாள் கழித்துப் பேரிங் மாற்றி மறுபடி சுழற்றியபோது அதிர்வுக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஷாஹ்மி மேசையில் தாளம் போட்டான்.

அன்று சாயங்காலம் அவள் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில் சதீஸ்குமார் அழைத்தான். எப்படி இருக்கிறாய் என்றான், சாப்பிட்டாயா என்றான், சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான். அவள் காத்திருந்தாள்.

"நிஷா, மூணாவது சேத்துப் பம்புல ஒரு சத்தம் வருது. எனக்கு மட்டுந்தான் கேக்குதுங்கிறாங்க. கொஞ்சம் பாக்குறியா?"

அவள் தோளில் மாட்டிய பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"லைன்ல இரு அண்ணே. எந்தப் பக்கம் கேக்குதுன்னு சொல்லு."